மற்றப் பக்கம் சுற்றும் கைப்பிடி

கார்க் கதவின் உள்தகட்டைக் கழற்றும்போது, கழன்ற திருகாணிகளை எங்கே வைக்கிறீர்கள் என்று உங்களிடம் நான் கேட்கப் போவதில்லை. வாயில்தான் வைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் வைத்தேன். நாற்பது வருடத்தில் இரண்டை விழுங்கியும் இருக்கிறேன். அதனால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. கேடு வந்தது, சொல்ல வேண்டிய ஒரு வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கியபோதுதான். அதைத்தான் எழுத வந்தேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம், "ஐயா, உங்களை ஆகக் கஷ்டப்படுத்தின எஞ்சின் எது?" என்று கேட்பதுண்டு. எஞ்சின் எதுவும் என் நித்திரையைக் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒரு கதவுக் கண்ணாடி. கண்ணாடி என்றால் உங்களுக்கு இளக்காரம். பிரேக் என்றால் நிமிர்ந்து உட்காருவீர்கள், கண்ணாடி என்றால் கடைசியில் பார்க்கலாம் என்பீர்கள். அப்படி நினைத்த ஒருவன் என்ன பாடுபட்டான் என்று கேளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. வவுனியாவில், கண்டி றோட்டில், நான் வேலை செய்த கராஜ் இருந்தது. கிளிநொச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அது இடப்பக்கம். நேரே எதிரில், றோட்டுக்கு வலப்பக்கம், இன்னொரு கராஜ். அங்கே வேலை செய்தவர்களை நாங்கள் மனிதராகவே மதிப்பதில்லை. அவர்களும் எங்களை அப்படித்தான். அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. தொழில் முழுதும் தெரியும் என்று நம்பிய வயது.

ஒரு மார்கழி மாதத்துக் காலையில் துணுக்காய்ப் பக்கத்து பஸ் கொண்டக்டர் ஒருவர் கராஜ் வாசலில் இறங்கி, "செல்லத்துரை அண்ணையின்ர கார்க் கண்ணாடி இறுகிப் போச்சாம். டிறைவர் பக்கம். இறங்குதே இல்லையாம். நாளைக்குச் சோதினையாம். உங்களை உடனே வரட்டாம்" என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் ஓடினார்.

செல்லத்துரையை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துணுக்காயில் வயல் செய்துகொண்டு, வாடகைக் காரும் ஓட்டிய மனிதர். முந்தின வருடம் உழவு மெஷின் சறுக்கி, இடக்கால் முழங்காலோடு விறைத்துப் போய்விட்டது. கிளச் மிதிக்க முடியாது. கார் மாட்டுக்கொட்டிலின் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றது. கிளிநொச்சியிலிருந்து ஒருவர் அதை வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் சோதினை செல்லத்துரைக்கு அல்ல. அவருடைய மனைவி நாகேஸ்வரிக்கு. கணவனைப் பக்கத்துச் சீற்றில் இருத்திக்கொண்டு, குளக்கட்டு வழியே ஐந்து மாதம் ஓட்டிப் பழகியிருந்தார். ஒரு பொம்பிளை காரோட்டுவதைப் பார்க்கவென்று குளத்தில் குளிக்காதவர்களும் குளிக்க வந்தார்கள் என்று பகிடியாகச் சொல்வார்கள். ஆனால் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாக்கள் மூன்று பேர், லைசென்ஸ் கிடைத்தால் மாங்குளம் ஸ்டேஷனிலிருந்து தங்களைத் தினம் ஏற்றிவர வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் கார் கிளிநொச்சிக்குப் போய்விடும். பரிசோதகர் வவுனியா அரசாங்க அலுவலகத்துக்கு, அதாவது கச்சேரிக்கு, எப்போதாவது ஒரு முறைதான் வருவார். அடுத்த முறை எப்போது என்று அவருக்கே தெரியாது.

இதற்குள் கண்ணாடி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கைச்சைகைதான் சட்டம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் சாரதி தன் வலக்கையை ஜன்னலுக்கு வெளியே, தோள்மட்டத்தில், நேராக நீட்ட வேண்டும். ஜன்னல் திறக்காவிட்டால் கை நீட்ட முடியாது. கை நீட்டாவிட்டால் லைசென்ஸ் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி கதவுக்குள் இருக்கிறது. நாங்கள் அதை வைண்டர் என்போம். அந்த மாதிரிக் காருக்குப் புதிய வைண்டர் கொழும்பிலிருந்து வர ஐந்தாறு நாள் எடுக்கும். ஆனால் அதே மாதிரிக் கார் ஒன்று மீரான் நானாவின் பழைய இரும்பு வளவில் கிடந்தது எனக்கு நினைவிருந்தது. பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. ஓடினேன்.

மீரான் நானா முன்பு மாட்டுவண்டிலில் சாமான் ஏற்றி முல்லைத்தீவு வரை போய் வந்தவர். வண்டில் போய் இரும்பு வளவு வந்த பிறகும் அவருக்கு இடது வலது என்ற சொற்கள் வாயில் வராது. வண்டிலில் இடப்பக்கம் பூட்டும் மாடு இடத்தன், வலப்பக்கம் பூட்டும் மாடு வலத்தன். காருக்கும் அதேதான். இடத்தன் பக்கத்துக் கதவு, வலத்தன் பக்கத்து லாம்பு. எங்களுக்கும் அது பழகிப் போயிருந்தது.

"எந்தப் பக்கம் தம்பி?" என்றார்.

"வலத்தன் பக்கம் நானா. கெதியா எடுங்கோ. பஸ் போயிடும்."

"இந்தா, இப்ப கழட்டித் தாறன். நீங்க ஒரு பிளேன்ரீ குடியுங்க."

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அடியிலிருந்து சாமான் கழற்றச் சுகம் என்று நானா அந்தக் காரைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்க அது மல்லாந்து கிடந்தது. ஸ்டியரிங் எப்போதோ விலைப்பட்டுவிட்டது. நானா பின்பக்கத்தால் வந்து, தன் வலக்கைப் பக்கமிருந்த கதவைத் திறந்தார். நான் பத்தடி தள்ளி நின்று பிளேன்ரீயை ஊதிக்கொண்டு அதைப் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. மல்லாந்து கிடக்கிற காரில் வலத்தன் இடத்தனாகிவிடும் என்று வண்டில்காரருக்கும் தோன்றவில்லை, மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை. வண்டில் மல்லாந்தால் மாடுகள் எழும்பி ஓடிவிடும். அதில் எது வலத்தன் என்று யாரும் தேடுவதில்லையே.

நானா அதைப் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். மாங்குளம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து துணுக்காய்க்கு இன்னொரு பஸ். இரண்டிலும் அந்தப் பொதி என் மடியிலேயே இருந்தது. பேப்பரில் தெரிந்த சவர்க்கார விளம்பரத்தை முழுக்கப் படித்தேன். பேப்பரைப் பிரித்து உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி கடந்துவிட்டது. கடைசி பஸ் ஐந்தரைக்கு. கார் முற்றத்தில், புளியமரத்துக்குக் கீழே நின்றது. செல்லத்துரை கதிரையில் இருந்தபடியே வேலையை நடத்தத் தொடங்கினார். கால் ஓடாத மனிதருக்கு வாய் ஓடும் என்பதை அன்றுதான் முழுமையாக அறிந்தேன். நாகேஸ்வரி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் ஒன்று சொன்னார்:

"அண்ணை, உந்தக் கண்ணாடி ஏறாட்டிலும் பரவாயில்லை. நாளைக்கு இறங்கி நிண்டால் காணும். பொறியைக் கழட்டிப் போட்டு, கண்ணாடியைக் கதவுக்குள்ள விழுத்தி விடேலாதே?"

முடியும். கால் மணித்தியால வேலை. தேநீர் குடித்துவிட்டு நான் வீடு போயிருக்கலாம். ஆனால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. வவுனியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவனுக்கு ஒரு பொம்பிளை வேலை சொல்லித் தருவதா?

"அரைகுறை வேலை எனக்குத் தெரியாது தங்கச்சி. ஏறவும் வேணும், இறங்கவும் வேணும். அதுதான் வேலை" என்றேன்.

"அவன் செய்வான், நீ போய்த் தேத்தண்ணியைப் போடு" என்றார் செல்லத்துரை.

பழைய வைண்டரைக் கழற்றினேன். பற்கள் தேய்ந்து இறுகியிருந்தன. நான் கொண்டுபோனதை எடுத்தேன். கைப்பிடி பூட்டுகிற தண்டு தவறான பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றும்போது நானா தட்டியிருப்பார் என்று நினைத்து, நானும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தண்டை மற்றப் பக்கம் எடுத்துக்கொண்டேன். அந்தத் தட்டுக்கு முன் நான் கையை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு சாமான் பொருந்த மறுக்கும்போது அது உங்களோடு கதைக்கிறது. நான் அதன் வாயில் அடித்தேன்.

துளைகள் நான்கும் பொருந்தின. அதுதான் என்னை மேலும் ஏமாற்றியது. எல்லாவற்றையும் பூட்டி, உள்தகட்டை மூடி, கைப்பிடியைப் போட்டு முன்னுக்குச் சுற்றினேன். இறங்க வேண்டிய கண்ணாடி மேலே போய் இறுகியது. பின்னுக்குச் சுற்றினேன். இறங்கியது. இன்னொரு தரம் சுற்றினேன். அதே மாதிரி. அப்போதுதான் மீரான் நானாவின் வளவும், நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துக் கிடந்த காரும் என் கண்ணுக்கு முன்னே வந்தன.

அப்போது மணி ஐந்து. பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கப் பதினைந்து நிமிடம். கழற்றிவிட்டு, அந்தப் பெண் முதலே சொன்னபடி கண்ணாடியை விழுத்தியிருக்கலாம். பஸ் போனால் செல்லத்துரையின் வீட்டில் படுத்து, காலையில் அவர்களோடேயே வந்திருக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்: "தங்கச்சி, இது மற்றப் பக்கம் சுத்துது, கவனம்." மூன்றுக்கும் எனக்கு நேரம் இருந்தது. மூன்றையும் நான் செய்யவில்லை. அரைகுறை வேலை தெரியாது என்று மூன்று மணித்தியாலத்துக்கு முன் மார்தட்டியவன் எந்த முகத்தோடு சொல்வது?

கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, "இப்படியே இருக்கட்டும். நாளைக்கு இதிலை கை வைக்கத் தேவையில்லை" என்றேன்.

"ஏறுமோ அண்ணை?" என்றார் நாகேஸ்வரி.

"ஏறும், ஏறும்."

பொய் இல்லைத்தானே. ஏறும்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. விடிய எழும்பி, கராஜுக்குப் போகாமல் நேரே கச்சேரிக்குப் போய்விட்டேன். வந்தவுடன் சொல்லிவிடுவது என்று முடிவு. எட்டு மணிக்கு முன்பே அங்கே வாகை மரத்துக்குக் கீழே நின்று, றோட்டைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சுருட்டைப் பற்றவைத்து, இரண்டு இழுவையில் எறிந்து, மறுபடி ஒன்றைப் பற்றவைத்தேன்.

எட்டரைக்குக் கார் வந்தது. செல்லத்துரை இடப்பக்கச் சீற்றிலிருந்து என்னைக் கண்டதும், சோதினைக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்க, "இந்தத் தம்பிதான் நேற்று வந்து செய்து தந்தவன்! கை வைச்சால் பிழைக்காது!" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாகேஸ்வரி வெள்ளைச் சேலை கட்டி, தலையை இறுக்கிப் பின்னியிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ பாடமாக்கிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் சொல்லி மனத்தைக் குழப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நல்ல காரணம் பாருங்கள். கோழைத்தனத்துக்கு நல்ல காரணம் கிடைக்காமல் போவதில்லை.

அவருடைய முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. செல்லத்துரை இறங்கி ஊன்றுகோலோடு விறாந்தைக்குப் போனார். பரிசோதகர் ஏறினார். உடுப்பில் ஒரு துளி படக்கூடாது என்று நினைக்கிற மனிதர். அவர் ஏதோ சொல்வதும், நாகேஸ்வரியின் வலக்கை கைப்பிடிக்குப் போவதும் தெரிந்தது. கை ஒரு பக்கம் சுற்றிப் பார்த்தது. நின்றது. பிறகு மற்றப் பக்கம் சுற்றியது. கண்ணாடி மெல்ல மேலே ஏறியது. அது முழுதாக மூடும் முன்னே நாகேஸ்வரி மரத்தடியில் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தார். கார் புறப்பட்டது.

கச்சேரிக்கு முன்னால் நின்றால் சந்தி தெரியும். அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் மழைக்குள் இறங்கி றோட்டோரம் போய் நின்றேன். கார் சந்தியை நெருங்கியது. கை வெளியே வரவில்லை. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. கை வரவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. ஐந்து மாதம் பழகிய கை பழகிய பக்கமே சுற்றும். மனம் பதறும்போது கை சொல்வதை மனம் கேட்கும், மனம் சொல்வதைக் கை கேட்காது. கண்ணாடி மேலே இறுகிக்கொண்டிருக்கும். லொறி இன்னும் கிட்ட வந்து அடித்தது. திரும்பிவிடு பிள்ளை, சும்மா திரும்பிவிடு என்று என் வாய் முணுமுணுத்தது. ஒரு மெக்கானிக் சொல்லக்கூடிய ஆக மோசமான புத்தி அது.

கார் திரும்பவில்லை. மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி, றோட்டோரத்தில் நின்றது. லொறி சேற்றை அடித்துக்கொண்டு கடந்து போனது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. எனக்கு அது அரை நாள். பிறகு கண்ணாடி இறங்கியது. மழைக்குள்ளே ஒரு கை வந்தது. தோள்மட்டத்தில், நேராக, விரல்கள் சேர்ந்து. கார் நகர்ந்து, வலப்பக்கம் திரும்பி, மறைந்தது.

திரும்பி வந்தபோது பரிசோதகரின் காற்சட்டையில் பாதி நனைந்திருந்தது. அவர் விறாந்தையில் நின்று செல்லத்துரையிடம், "சந்தியிலை ஏன் நிப்பாட்டினீங்கள் எண்டு கேட்டன். 'கை காட்டாமல் திரும்பப்படாது ஐயா, கண்ணாடி திறக்கேல்லை' எண்டு உங்கட மனிசி சொன்னா. நேற்றிலிருந்து இருபது பேரைப் பாத்திட்டன். ஒருத்தரும் உப்பிடி நிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செல்லத்துரை அழுதுவிட்டார். ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். திறந்தேன். வந்தது இதுதான்: "பழைய சாமான்தானே தங்கச்சி. எங்கையோ பிடிச்சுப் போச்சுப் போலை."

நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வலக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிடிக்கேல்லை அண்ணை. மற்றப் பக்கம் சுத்துது. நேற்றுப் பூட்டினாப் பிறகு சுத்திப் பாத்தனீங்கள்தானே?"

நான் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் தரையில் தேய்த்தேன்.

"பாத்தனீங்கள். நான் குசினி யன்னலாலை கண்டனான்" என்றார். செல்லத்துரைக்கு எதுவும் விளங்கவில்லை. எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து சரியான வைண்டரை றெயிலில் எடுப்பித்தேன். பேப்பரைப் பிரித்து, வலமா இடமா என்று நாலு தரம் பார்த்துவிட்டு, துணுக்காய்க்குக் கொண்டுபோனேன். இரண்டு பஸ்ஸிலும் மன்னிப்புக் கேட்பதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். நாகேஸ்வரி வாத்தியாரம்மாக்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து நின்றார். பாடமாக்கினதையெல்லாம் முற்றத்தில் நின்று ஒப்புவித்தேன். முழுதும் கேட்டார். கதிரை போட்டார். மோர் தந்தார்.

"பூட்டத் தேவையில்லை அண்ணை. கை பழகிட்டுது" என்றார்.

காரைப் போய்ப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே, கதவுத் தகட்டில், வெள்ளைப் பெயின்றால் இரண்டு அம்புக்குறி. ஒன்றுக்குப் பக்கத்தில் 'ஏற', மற்றதுக்குப் பக்கத்தில் 'இறங்க'. எழுத்து வடிவாக இருந்தது.

இரண்டு சொல். அதை எழுத ஒரு துண்டு சோக்கட்டி போதுமாயிருந்திருக்கும் எனக்கு, அந்த ஐந்து மணிக்கு. பஸ்ஸும் தப்பியிராது.

ஆகவே, வேலையில் பிழை வரும், வரட்டும். மல்லாந்த காரைப் பார்த்தால் இனி உங்களுக்கு என் ஞாபகம் வரும், அது போதும். ஆனால் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் நீங்கள் அறிந்த கோணல் ஒன்று இருந்தால், அதை வாயால் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கம் அரை மணித்தியாலத்தில் போய்விடும். எது போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாசி மாதம் ஒரு பின்னேரம். கராஜுக்குள் நின்றபோது அந்தக் காரின் சத்தம் கேட்டது. சத்தத்திலேயே பிரேக் தேய்ந்திருப்பது தெரிந்தது. கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்து, எங்கள் வாசலுக்குக் கிட்ட வேகத்தைக் குறைத்தது. என்ன இருந்தாலும் என்னிடம்தான் வருகிறாள் என்று, கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்கு வந்தேன்.

கண்ணாடி இறங்கியது. கை வெளியே வந்தது. தோள்மட்டத்தில், நேராக, விரல்கள் சேர்ந்து, எந்தப் பரிசோதகரும் குறை சொல்ல முடியாத கை.

எங்கள் கராஜ் இருந்தது இடப்பக்கம்.